துருப்பிடித்த பழைய காரை வீட்டிலேயே மீட்பது: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வீட்டு ஷெட்டுகளிலும், அடிவாரத்து மாந்தோப்புகளிலும், ஏற்காட்டு எஸ்டேட் குடோன்களிலும் இன்னும் எத்தனையோ பழைய கார்கள் கிடக்கின்றன. அவற்றைத் தூசி தட்டி ஓட வைக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது கலர் எப்போது, எப்படி அடிக்கலாம் என்பதுதான். அதற்கான பதிலைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றேதான்.

முதல் முறையாகக் கை வைப்பவர் எந்தக் காரை எடுக்கலாம்?

வீட்டில் தாத்தாவோ அப்பாவோ ஓட்டிய கார் இருந்தால் அதையே எடுங்கள். பாதி வேலையில் அலுப்பு தட்டும்போது அந்த ஒட்டுதல்தான் உங்களை மறுபடி ஷெட்டுக்குள் இழுக்கும்.

வெளியில் வாங்குவதானால் அம்பாசடர் என்பேன். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழியில் வந்தது, 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரானது. அதனால் உதிரிபாகம் கிடைக்கும், கை பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். பிரீமியர் பத்மினி (பழைய ஃபியட் 1100) பார்க்க அழகு, 1089 சி.சி. இன்ஜினும் எளிமையானது. ஆனால் அதற்குத் தனி சேஸிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. பாடியே எலும்புக்கூடு என்பதால் அடியில் துரு ஏறினால் வண்டியின் பலமே போய்விடும். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் தயாரித்த ஹெரால்டு இதற்கு நேர் எதிர். தனி சேஸிஸ், அதன் மேல் போல்ட் போட்ட பாடி. ஒவ்வொரு துண்டாகக் கழற்றி வேலை செய்யலாம், ஆனால் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் (ஓர ரப்பர் பட்டை) ஊர் ஊராக அலைய வேண்டும். ஜீப் என்றால் தகடு பெரும்பாலும் தட்டையாக இருக்கும், வெல்டிங் பழக நல்ல வண்டி.

இன்னொன்று: பத்மினிக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர். அம்பாசடர், ஹெரால்டு, ஜீப்புக்கு இன்ச் ஸ்பேனர். வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட்டை வைத்து இன்ச் போல்ட்டைத் திருப்பினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் உளிதான்.

வாங்கும் முன் துருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுசாகப் பெயின்ட் அடித்து விற்பனைக்கு நிற்கும் வண்டியைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதி, மட்கார்டு வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றிய இடம் எல்லாவற்றிலும் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) இருக்கிறது. பெயின்ட் கொப்பளித்திருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். கொப்பளம் எட்டணா அளவு இருந்தால் உள்ளே சேதம் உள்ளங்கை அளவுக்கு இருக்கலாம்.

பிறகு மிதியடியைத் தூக்குங்கள். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், பேட்டரிக்குக் கீழே ஆசிட் சிந்திய இடம், கதவுகளுக்குக் கீழ் நீளமாக ஓடும் பெட்டித் தகடு ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு சத்தமே தராது. கடைசியாக ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நின்றபோது ஒழுங்காக மூடிய கதவு தூக்கியதும் சிக்கினால் பாடி தொய்ந்திருக்கிறது. பத்மினியில் அப்படியானால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

ஏற்காட்டில் கிடந்த வண்டி, சேலத்தில் கிடந்த வண்டி, எது தேவலை?

கீழே சேலத்தில் கிடந்தது. சேலத்து வெயில் பெயின்ட்டை வெளுக்கும், டேஷ்போர்டைப் பிளக்கும், ரப்பரை எல்லாம் கருவாடாக்கும். இவை எல்லாம் மாற்றக்கூடியவை. மேலே ஏற்காட்டில் கதை வேறு. பனிமூட்டமும் மழையும் மாதக்கணக்கில் விலகாது. காபித் தோட்டத்து சில்வர் ஓக் இலைகள் கண்ணாடிக்குக் கீழுள்ள பள்ளத்திலும் கதவின் அடித் துளைகளிலும் அடைத்துக்கொண்டு தண்ணீரை வெளியே விடாது. பெயின்ட் பளிச்சென்று இருக்கும், பெட்டித் தகடுகள் உள்ளிருந்து தின்னப்பட்டிருக்கும். தார்ப்பாய் போர்த்தி மண் தரையில் நிறுத்திய வண்டி இன்னும் மோசம். தரையிலிருந்து ஏறும் ஈரம் தார்ப்பாய்க்குள்ளேயே சுற்றும்.

ஆர்.சி. தொலைந்துவிட்டது. வேலையை முதலில் முடித்துவிட்டு அதைப் பார்க்கலாமா?

கூடாது. காகிதம் சரியாகாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். துரு எடுக்கிறேன் என்று கிரைண்டரை வைத்து சேஸிஸ் எண்ணையே தேய்த்துவிடும் ஆபத்து உண்டு. அந்த இடத்தில் கையால் மட்டும் தேய்த்து, உடனே கிரீஸ் தடவி, டேப் ஒட்டிவிடுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு வழியாகப் பெயர் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் அலைச்சல் வெல்டிங்கைவிட அதிகம்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதன்பின் 5 ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு மத்திய அரசின் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

விண்டேஜ் பதிவு என்று ஒன்று வந்ததே, அது வாங்கினால் லாபமா?

2021 ஜூலையில் வந்த விதி அது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு ஆன, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிக்குத்தான் கிடைக்கும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000.

ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டும் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போக ஆசைப்படுபவருக்குச் சாதாரணப் பதிவே சரி. ஷோ வண்டி வைத்திருப்பவர்கள் விண்டேஜ் எண்ணை யோசிக்கட்டும்.

வீட்டில் என்னென்ன தேவை?

கூரை, சிமென்ட் தரை, காருக்கு இரண்டு பக்கமும் கதவு முழுக்கத் திறக்கும் அளவு இடம். கழற்றிய பாகங்களுக்கு இன்னொரு கார் அளவு இடம் வேண்டும், இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. நல்ல ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி, அல்லது ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுத்து அடியில் படுக்காதீர்கள். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள், கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள்.

போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது.

துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஓரிரவு விடுங்கள், சுத்தியலால் தலையில் லேசாகத் தட்டுங்கள், மறுநாள் இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்பிவிட்டுக் கழற்றப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கேஸ் வைத்துச் சூடேற்ற வேண்டும். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

துருவை எடுக்க எது நல்ல வழி?

இடத்தைப் பொறுத்தது. பெரிய வெளித் தகடுகளுக்கு வயர் பிரஷ் கப், உப்புத்தாள், பொறுமை. சேஸிஸ், வீல், சஸ்பென்ஷன் கைகள் போன்ற தடித்த பாகங்களை மணல் வீச்சுக்கு (சாண்ட் பிளாஸ்டிங்) கொடுக்கலாம். பானெட்டையும் கதவுத் தகட்டையும் கொடுத்துவிடாதீர்கள். வீச்சின் வேகத்தில் மெல்லிய தகடு அலை அலையாக நெளிந்துவிடும், நிமிர்த்துவது பெரும்பாடு.

சின்னப் பாகங்களுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) அருமையானது. மளிகைக் கடையில் கிடைப்பதுதான். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து ஊறப்போட்டால் மறுநாள் துரு கழன்று வரும். எடுத்ததும் சோடா கரைசலில் அலசி உடனே காய வைக்க வேண்டும். பாத்ரூம் ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள். துருவை நொடியில் தின்னும், ஆனால் அதன் உப்பு தகட்டின் இடுக்கில் தங்கி, பெயின்ட்டுக்கு அடியில் மறுபடி துருவைக் கிளப்பும். ஸ்பிரிங், உயர்ரக போல்ட் போன்றவற்றை அது நொறுங்க வைக்கவும் செய்யும்.

எனக்குப் பிடித்தது மின்சார முறை. பிளாஸ்டிக் தொட்டியில் பத்து லிட்டர் தண்ணீருக்கு மூன்று கரண்டி வாஷிங் சோடா. பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைத் துருப்பிடித்த பாகத்திலும், பாசிட்டிவை ஒரு கழிவு இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். துரு மட்டும் தளர்ந்து விழும், நல்ல இரும்புக்குச் சேதமில்லை. இங்கே சேலத்துக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உருக்காலை இருக்கும் ஊர், எவர்சில்வர் துண்டு எங்கும் கிடைக்கும், துருப்பிடிக்காது என்பதால் அதையே பாசிட்டிவில் மாட்டத் தோன்றும். மாட்டக் கூடாது. எவர்சில்வரில் உள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கரையும், அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. சாதாரணக் கம்பியே போதும். வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் வெளிவரும், ஆகவே திறந்த இடத்தில் வையுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

எந்த வழியானாலும் வெறும் தகட்டை ராத்திரி முழுக்க விடாதீர்கள். அன்றைக்கே பிரைமர். ரெட் ஆக்ஸைடு மலிவு, ஆனால் ஈரத்தை முழுமையாகத் தடுக்காது. அடிப்பகுதிக்கு எபாக்ஸி பிரைமருக்குச் செலவழியுங்கள்.

தரையில் ஓட்டை. பட்டி பார்த்து மூடிவிட்டால் என்ன?

பட்டி தகட்டின் நெளிவைச் சமன் செய்யத்தான், ஓட்டையை அடைக்க இல்லை. அது ஈரத்தை உறிஞ்சும். அடியிலிருந்து தெறிக்கும் தண்ணீர் அதில் ஊறி, சுற்றியுள்ள நல்ல தகட்டையும் கெடுக்கும். ஃபைபர் பாயும் (கண்ணாடி இழை விரிப்பு) அப்படித்தான். மேலிருந்து பார்த்தால் தரை, காலை வைத்தால் காகிதம்.

துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும். 20 கேஜ் சி.ஆர். சீட் (கோல்டு ரோல்டு இரும்புத் தகடு) பெரும்பாலான இடத்துக்குப் பொருந்தும், ஏறத்தாழ 0.9 மி.மீ. தடிமன். கூரைக்கு வாங்கிய, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு மிச்சம் இருக்கிறது என்று அதை எடுக்காதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிங்கும் பிடிக்காது.

வெல்டிங்குக்கு மிக் மெஷின் (கம்பி தானாக வரும் வெல்டிங் மெஷின்) நல்லது. ஒரே கோடாக இழுக்காமல் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று தள்ளித் தள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். ஆர்க் வெல்டிங் இவ்வளவு மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். பழைய டிங்கர்கள் கேஸ் வெல்டிங் வைத்தே, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் தகட்டை அடக்குவார்கள். அந்தக் கை நமக்கு வர வருஷமாகும். அப்படி ஒருவர் உங்கள் பகுதியில் இருந்தால், வெட்டுவது, துரு எடுப்பது, பிரைமர் அடிப்பது எல்லாம் நீங்கள் செய்துவிட்டு வெல்டிங்கை மட்டும் அவரிடம் விடுங்கள். நான் இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். முழுக்க என் கையாலேயே செய்தேன் என்ற பெருமை, பிரேக் மிதிக்கும்போது காலடியில் தரை இருப்பதைவிடப் பெரிதில்லை.

பத்மினியில் கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டை வெட்டும் முன், கதவு வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகப் பற்ற வைத்துவிடுங்கள். இல்லையென்றால் வெட்டியதும் பாடி தொய்ந்து, பின்னால் எந்தக் கதவும் பொருந்தாது. இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது.

வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி, மிதியடி, சீட், பெட்ரோல் டேங்க் எல்லாம் வெளியே. பக்கத்தில் வாளித் தண்ணீரும், கவனிக்க ஓர் ஆளும். அடியில் பூசிய பழைய தார், வேலை முடிந்து அரை மணி நேரம் கழித்துக்கூடப் பற்றும். முடிந்ததும் இணைப்புகளுக்கு சீலர், பெட்டிகளுக்குள் மெழுகு. அடித் துளைகளை மறந்தும் அடைத்துவிடாதீர்கள், அவை தண்ணீர் வெளியேற வைத்தவை.

பல வருஷம் நின்ற இன்ஜின் சுற்றவில்லை. கயிறு கட்டி இழுத்தால்?

இழுக்காதீர்கள், பிஸ்டன் ரிங் உடையும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கியர் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊற விட்டு, முன் பக்க நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரு பக்கமும் மெல்ல அசையுங்கள். சுற்றியதும் ஸ்டார்ட் செய்ய அவசரப்படாமல் ஆயிலை மாற்றுங்கள். வெளியே வரும் பழைய ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

இப்போதைய பெட்ரோல் பழைய காருக்கு ஆகுமா?

ஓடும். ஆனால் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவைக் கிளப்பும். காலி டேங்கை வெல்டிங் செய்ய யாரிடமும் சும்மா கொடுத்துவிடாதீர்கள். பெட்ரோல் இல்லை, ஆவி இருக்கிறது, வெடிப்பது அதுதான்.

பிரேக்கில் எவ்வளவு தூரம் போக வேண்டும்?

முழு தூரமும். மாஸ்டர் சிலிண்டர் கிட், நான்கு சக்கரத்தின் வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், ஷூ எல்லாம் புதுசு. இரும்புக் குழாய்களில் துரு இருந்தால் அவையும். பழைய கார்கள் பலவற்றில் பிரேக் லைன் ஒன்றே ஒன்றுதான், ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. டிரம்மைக் கழற்றும்போது வரும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.

இதில் கருமித்தனம் ஏன் கூடாது என்றால், ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. நான்கு சக்கரமும் டிரம் பிரேக் என்றால் இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக 205 டிகிரியில் கொதிப்பது, ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கும். பெடல் பஞ்சாகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

சரி, இப்போது கலர். எந்த மாதம் அடிக்கலாம்?

ஜனவரி, பிப்ரவரி. ஐப்பசி மழையில் என்.சி. பெயின்ட் (தின்னரில் கரைத்து அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் ரகம்) அடித்தால் காற்றின் ஈரம் உள்ளே மாட்டி மேல்பூச்சு பால் போல வெளுத்துவிடும். சித்திரை வெயிலில் தின்னர் பறந்து சொரசொரப்பாகும். ஏற்காட்டு வீட்டில் வேலை செய்பவர்கள் பெயின்ட்டுக்கு மட்டும் வண்டியைக் கீழே இறக்குங்கள்.

வீட்டில் என்.சி. அடிக்கலாம், தவறினால் தேய்த்து மறுபடி அடிக்கலாம். அதற்கும் கெமிக்கல் புகைக்கான கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். ஹார்டனர் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் பளபளப்பு தரும், நெடுநாள் உழைக்கும், ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க்கோ, கொரோனாவுக்கு வாங்கிய மாஸ்க்கோ அதைத் தடுக்காது. பி.யு. வேண்டுமென்றால் தேய்ப்பு வேலையை எல்லாம் வீட்டில் முடித்துவிட்டு, பூத் உள்ள பட்டறைக்குக் கொடுங்கள். கலரை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிய வேண்டும்.

பம்பர் குரோம்?

துரு குழி விழாமல் இருந்தால் தேய்த்து மெழுகு போட்டு விட்டுவிடுங்கள். திரும்பக் குரோம் ஏற்றுவது செலவு. சின்ன எம்பளம், பித்தளை வளையம் போன்றவற்றுக்கு, கொலுசு வேலை நடக்கும் ஊர் இது, பாலிஷ் போடுபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இஷ்டப்படி மாற்றிக்கொள்ள எவ்வளவு இடம் இருக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாடியை வெட்டித் திறந்த காராக்குவது, வேறு ரக இன்ஜின் இறக்குவது எல்லாம் சிக்கல். இன்ஜின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ.விடம் முன்னதாகவே அனுமதி கேளுங்கள், இறக்கிவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

சட்டத்தைத் தாண்டி என் ரசனையையும் சொல்கிறேன். நாளைக்குக் கழற்றினால் பழையபடி ஆகக்கூடிய மாற்றமாக இருக்கட்டும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், ஹெட்லைட்டுக்கு ரிலே, சீட் பெல்ட், ரேடியல் டயர், விருப்பமான நிறத்தில் ரெக்ஸின். கழற்றிய பழைய பாகங்களை எடைக்குப் போடாமல் பெட்டியில் வையுங்கள். பத்மினியில் ஏ.சி. போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், மேட்டில் அணைக்க வேண்டியிருக்கும். ஒரிஜினல் எப்படி இருந்தது என்று சந்தேகம் வந்தால் கோவை அவிநாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

உதிரிபாகம் எங்கே?

முதலில் செவ்வாய்ப்பேட்டை, ஐந்து ரோடு பக்கமுள்ள பழைய கடைகளில் கேளுங்கள், பரண் மேல் ஏதாவது கிடக்கும். அப்புறம் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லி வாங்கியது பொருந்தாது.

முடித்ததும் ஏற்காட்டுக்கு ஓட்டிப் பார்க்கலாமா?

முதலில் ஊருக்குள், பிறகு பைபாஸ், அப்புறம் மலை. ஏற்றத்தில் சூடு ஏறினால் பம்பில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பானெட்டைத் திறந்து, பம்பில் ஈரத்துணி சுற்றி ஆறவிடுவது பழைய டிரைவர்களின் வைத்தியம், இன்றும் வேலை செய்கிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும், நல்ல மூடிதான் அதைத் தள்ளிப்போடும். மேலே போனதும் காற்று மெலிந்து வண்டி சற்று மந்தமாகும். கார்புரேட்டரைத் திருகாதீர்கள், கீழே வந்ததும் தானாகச் சரியாகும்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

பட்டனைப் பார்க்காதீர்கள், பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பத்து வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். மூன்றே இலக்கம் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தையது, ஷெட்டிலிருந்து வண்டியைத் தள்ளி வெளியே எடுக்க மட்டும் ஆகும்.